ஸ்ரான்லி றோட்டில கிடந்த டைனமோ

றோட்டில எறிஞ்சு கிடக்கிற சாமான்களைப் படம் எடுக்கிறது பற்றி என்ர அனுபவத்தை எழுதுறன். நான் ரெண்டு வருசமா விடிய ஆறு மணிக்குப் போனோட வெளிக்கிட்டிடுவன், குப்பை ட்ராக்டர் வர முந்தி யாழ்ப்பாணத்தில கஸ்தூரியார் றோட்டில இருந்து ஸ்ரான்லி றோட் வரைக்கும் நடந்தா கடைக்காரர் வெளிய போட்டதெல்லாம் அப்பிடியே கிடக்கும், பிஞ்ச செருப்பு, மாலை கட்டின நார், நசுங்கின சோடா மூடி, வெய்யில் சரிஞ்சு விழுற அந்தக் கொஞ்ச நேரம் தான் துருவும் கீறலும் துலக்கமாத் தெரியும், பத்து மணிக்கு அதே சாமானை எடுத்துப் பாருங்கோ, ஒண்டும் இருக்காது.

இர்விங் பென் எண்ட அமெரிக்கர் நியூயோர்க் தெருவில பொறுக்கின சிகரட் அடிக்கட்டையளை ஸ்ரூடியோவில வச்சு எடுத்து, பிளாட்டினம் உப்பில அச்செடுக்கிற பழைய முறையில பெரிசா பிரிண்ட் போட்டவர், 1975இல அங்கத்தைய நவீன கலை அருங்காட்சியகத்திலயே அதுகளைக் காட்சிக்கு வச்சவை. எனக்கு அந்தப் படங்கள் சரியான விருப்பம். ஆனா பொறுக்கிக்கொண்டு போறது எனக்குச் சரிவரேல்ல, கிடந்த இடத்தை விட்டு எடுத்தா பாதிக் கதை போயிடும், அதால கையால தொடவும் மாட்டன்.

போன மாசம் ஒரு பழைய வீட்டை இடிச்ச கல்லுக் குவியலுக்குப் பக்கத்தில சைக்கிள் டைனமோ ஒண்டு, சில்லோட உரஞ்சிச் சுத்தி லைற்றுக்குக் கரண்ட் தாற சாமான், வயரும் அறாமல் கிடந்தது. நிலத்தில குப்புறப் படுத்து எடுத்துக்கொண்டிருக்கேக்க பால் வாங்கப் போன ஐயா ஒராள் சைக்கிளை நிப்பாட்டி "என்ன தம்பி, விழுந்திட்டீரோ?" எண்டு கேட்டார். காட்டினன். குனிஞ்சு எடுத்து மண்ணை ஊதிப்போட்டுப் பெருவிரலால தலையை உருட்டினார், இன்னும் சுத்துது! பிறகு சொன்னார், 1990க்குப் பிறகு சண்டைக் காலத்தில இங்க கரண்டும் இல்ல, அரசாங்கம் பற்றறியும் வரவிடேல்ல, சைக்கிளைக் கவிட்டு வச்சு ஒராள் கையால பெடலைச் சுத்த மற்றாக்கள் டைனமோவில கொழுவின ரேடியோவுக்குக் கிட்ட இருந்து பிபிசி தமிழோசை கேட்டவையாம், சுத்துறது இவற்ற வேலை, கை களைச்சாச் சத்தம் இறங்கும், உடன தேப்பன் "சுத்தடா" எண்டு கத்துவாராம். எங்கட வீட்டிலயும் இந்தக் கதை கேட்டனான் தான், ஆனா சாமானைக் கையில வச்சுக்கொண்டு ஒராள் சொல்லி அண்டைக்குத் தான் கேட்டன்.

நிலத்தில வச்சு எடுத்த பதினாலு படமும் பரவாயில்ல. ஆனா அவற்ற பெருவிரல் டைனமோத் தலையில அமந்திருக்கிற படம் தான் இப்ப எங்கட விறாந்தையில ப்ரேம் போட்டுத் தொங்குது, கேட்டிட்டு முகம் வராமல் எடுத்தது.

திருப்பி அதே இடத்தில வைப்பார் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன். சாரத்து மடிக்குள்ள செருகிக்கொண்டு பால் வாங்கப் போயிட்டார்.