ரொட்டேஷன்: 'சுழற்சி' வேண்டாம், 'அணிய எழுப்பு' பொருந்துமா?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

ஓடுபாதையில் ஓடிவரும் விமானம் மூக்கைத் தூக்கும் அந்தச் சில நொடிகளுக்கு, அதாவது ரொட்டேஷனுக்கு, விமானச் சொற்களுக்குத் தமிழ் தேடுகையில் 'சுழற்சி' என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது ஒட்டவில்லை. சுழற்சி என்றால் பம்பரம், காற்றாடி. இங்கே எதுவும் சுற்றி வருவதில்லை. இறக்கைக்கு அடியில் உள்ள சக்கரங்கள் தரையில் ஊன்றியிருக்க, முன்பக்கம் மட்டும் நொடிக்கு 2 அல்லது 3 டிகிரி வீதம் மேலே போகிறது. போயிங் 737-800 ஏறத்தாழ 8 டிகிரியில் தரையை விடும். சக்கரம் தரையில் இருக்கும்போதே 11 டிகிரியைத் தொட்டுவிட்டால் வால் உரசும். நடுவில் இருப்பது 3 டிகிரிதான். இந்த வேலையின் கவனமெல்லாம் அந்த 3 டிகிரிக்குள் இருக்கிறது. 'சுழற்சி'யில் அது துளியும் தெரியவில்லை.

எங்கள் மாமா முட்டத்தில் ஃபைபர் வள்ளம் ஓட்டுகிறார். போன வாரம் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மோட்டாரை முடுக்கியதும் பின்பக்கம் அழுந்தி, அணியம், அதாவது வள்ளத்தின் முன்பக்கம், எழும்பியது. உடனே முன்னால் இருந்தவரை இன்னும் முன்னே தள்ளி உட்காரச் சொன்னார். ஏன் என்று அப்புறம் கேட்டேன். "அணியம் ரொம்பத் தூக்குனா வள்ளம் ஓடாது மக்கா" என்றார். விமானத்திலும் இதுதான் கதை. வேகம் சேருமுன் மூக்கைத் தூக்கினால் காற்றின் இழுவை கூடி, வேகம் சேர்வது மந்தமாகும், ஓடும் தூரம் நீளும். அந்த நிமிடமே சொல் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

ஆக, செயலுக்கு 'அணிய எழுப்பு'. மூக்கு தொடுவானத்தோடு வைக்கும் கோணத்துக்கு, அதாவது பிட்ச் ஆட்டிட்யூடுக்கு, 'அணியக்கோணம்'. இதைத் தாக்குகோணத்தோடு குழப்பக்கூடாது; அது இறக்கை எதிர்காற்றைச் சந்திக்கும் கோணம். விமானம் 15 டிகிரி அணியக்கோணத்தில் ஏறும்போது தாக்குகோணம் அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

'அணியம்' என்றால் இன்று பலர் 'தயார்' என்றுதான் எழுதுகிறார்கள் என்று, இந்தச் சொல்லை முன்பு சொன்னபோது தங்கை ஒருவர் மறுத்திருந்தார். நியாயமான மறுப்பு. ஆனால் கோணம், எழுப்பு என்று அடுத்து ஒரு சொல் வந்ததும் அந்தக் குழப்பம் நீங்கிவிடும். கடற்கரையில் புழங்கும் சொல்லைக் கைவிட எனக்கு மனமில்லை.

காற்றோடு ஒப்பிட்டு விமானம் போகும் வேகத்துக்கு, அதாவது ஏர்ஸ்பீடுக்கு, 'காற்றுவேகம்' சரிவராது. நம் ஊரில் காற்றுவேகம் என்றால் காற்று அடிக்கும் வேகம். முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே எதிர்காற்றில் பைக் ஓட்டியவர்களுக்கு இது விளங்கும். மீட்டர் 40 காட்டும். எதிர்காற்றும் 40 என்றால் நெஞ்சில் மோதுவது 80. இறக்கைக்கு வேண்டியது அந்த 80தான். அதனால் 'காற்றெதிர்வேகம்'. கொஞ்சம் நீளம்தான், ஆனால் பொருள் தப்பாது. மூக்கைத் தூக்கத் தொடங்கும் வேகத்தை 'எழுப்புவேகம்' எனலாம். எடையைப் பொறுத்து மாறும். நடுத்தர ஜெட்டுக்கு 140 நாட், அதாவது மணிக்கு 260 கிலோமீட்டரை ஒட்டி வரும்.

சொற்களை வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். தரையை விட்ட பின் கொஞ்ச நேரத்துக்கு எஞ்சின் விசையை அப்படியே வைத்திருப்பார்கள். வேகத்தைப் பிடிப்பது மூக்குதான். "காற்றெதிர்வேகம் குறைகிறது, அணியக்கோணத்தைக் குறை." வாயில் தடங்காமல் வருகிறது. கூட இருக்கும் விமானி குரல் கொடுக்க "எழுப்பு" என்ற ஒற்றைச் சொல் போதும்.

ஒன்று மட்டும் முடிவாகவில்லை. இறங்கும்போது தரைக்குச் சற்று மேலே மூக்கைத் தூக்குகிறார்களே, ஃப்ளேர், அதற்கும் இதே சொல்லா? அங்கே நோக்கம் இறங்கும் வேகத்தைத் தணிப்பது. வேறு சொல் வேண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது. வள்ளம் கரையேறும்போது என்ன சொல்வார்கள் என்று குளச்சல் பக்கம் இருப்பவர்கள் கேட்டு எழுதுங்கள்.