பதித்து முடிந்த செப்புத் தகட்டைக் கீறிக் கெடுக்கத்தான் வேண்டுமா?

ஹட்டன் தம்பி: கொழுந்தெடுக்கும் அம்மா ஒருவரைச் செப்புத் தகட்டில் வரைந்திருக்கிறேன், கோடுகளை அரித்து, மை பூசித் தாளில் பதித்து 20 பிரதிதான் எடுப்பேன். இந்தக் குளிரில், செம்பை அரிக்கும் பெரிக் குளோரைட்டுக் கரைசல் மிக மெதுவாக அரிக்கிறது. அப்புறம், பதித்து முடிந்ததும் தகட்டைக் கீறிவிடச் சொல்கிறார்கள். மனசே வரவில்லை, கட்டாயமா?

பண்டாரவளை அக்கா: கரைசல் பாத்திரத்தை வெந்நீர்த் தட்டில் வை தம்பி, இளஞ்சூடு போதும். தகட்டைக் கவிழ்த்துத் தாங்கி வைத்தால் கோடுகளில் சேரும் மண்டி தானே கீழே விழும், கோடு சுத்தமாக வரும். பழைய கரைசலை மட்டும் ஓடையில் ஊற்றிவிடாதே, அதில் கரைந்திருக்கும் செம்பு மீனுக்கு நஞ்சு, கீழே தோட்ட லயத்து வீடுகளில் உள்ள சனம் அந்தத் தண்ணீரில்தான் குளிக்கிறது.

கண்டி அச்சுக்காரன்: பென்சிலால் 1/20, அதாவது இருபதில் முதல் பிரதி என்று எழுதி விற்றால் அது வாங்கியவருக்குக் கொடுத்த வாக்கு. தகடு முழுசாக இருந்தால் நமக்குப் பிறகு யாரும் பதிக்கலாம். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1669இல் இறந்தார், அவருடைய தகடுகளை அடுத்த நூற்றாண்டிலும் பாரிஸில் பதித்து விற்றார்கள், தேய்ந்த கோடுகளுக்கு வேறு கைகள் மெருகேற்றின. அவர் அதைக் கேட்டிருந்தால் சம்மதித்திருப்பாரா? கூரான ஊசியால் மூலைக்கு மூலை ஆழமாகக் கீறு, கீறிய தகட்டில் ஒரு பிரதி எடுத்துச் சாட்சியாக வைத்துக்கொள். சிலர் துளையும் போடுவார்கள்.

ஹட்டன் தம்பி: சரி அண்ணே. ஓரத்தில் மட்டும் கீறினால் போதாதா? முகம் தப்பிக்குமே.

கண்டி அச்சுக்காரன்: போதாது தம்பி. ஓரத்தை வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பதிக்கலாம். கீறல் முகத்தின் மேலேயே போகவேண்டும்.