ஒரே சேனலில் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் திரும்பத் திரும்பப் போகின்றன

கேள்வி

வணக்கம். கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி அமைத்துக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். 35-0-35 வோல்ட் டிரான்ஸ்பார்மரும், சேனலுக்கு இரண்டு ஜோடி சி5200, ஏ1943 டிரான்சிஸ்டர்களும் கொண்ட அசெம்பிள் ஆம்பிளிபயர் ஒன்றை ஆறு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். சென்ற மாதம் இடது சேனலில் திடீரென்று பெரிய உறுமல் எழுந்து, ஊஃபரின் கோன் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. அணைப்பதற்குள் காயில் கருகிய வாடை வந்துவிட்டது. நான்கு டிரான்சிஸ்டர்களையும் மாற்றினேன். இருபது நிமிடம் நன்றாகப் பாடிவிட்டு மறுபடியும் போயின. இரண்டாம் முறை மாற்றியபோது சுவிட்சைப் போட்ட கணமே பியூஸ் எரிந்தது. கடைக்காரர் போர்டையே மாற்றச் சொல்கிறார். சரிசெய்ய வழி உண்டா?

முதல் மறுமொழி

போர்டை மாற்ற வேண்டாம். முதல் முறை இருபது நிமிடம் ஓடியது, இரண்டாம் முறை உடனே போனது என்று நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது. சூடேறிய பிறகு போனால், பயஸை (பாட்டு இல்லாதபோதும் அவுட்புட்டில் ஓடும் சிறு கரண்டை) நிர்ணயிக்கும் பயஸ் டிரான்சிஸ்டர், ஹீட் சிங்க்கின் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகட்டின்) சூட்டை உணரவில்லை என்று பொருள். அவுட்புட் சூடாகச் சூடாக பயஸைக் குறைக்க வேண்டியது அதன் வேலை. ஹீட் சிங்க்கைத் தொடாமல் அது தனியே நின்றால், கரண்ட் ஏறிக்கொண்டே போய் டிரான்சிஸ்டர்கள் வெந்துவிடும். அப்படிப் போகும்போது அவற்றை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டரையும் 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டர்களையும் சேர்த்துக் கெடுத்திருக்கும். அவற்றைப் பார்க்காமல் மறுபடி மாற்றியதால்தான் பியூஸ் உடனே எரிந்தது.

இதில் பிளஸ் 49, மைனஸ் 49 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் நிற்கும் என்பதால், பிளக்கைப் பிடுங்கிய பிறகு 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டரை வைத்து பில்டர் கெபாசிட்டர்களை இறக்கிவிட்டுக் கை வையுங்கள். டிரைவர்களைக் கழற்றி, மல்டிமீட்டரை டையோடு நிலையில் வைத்து ஒவ்வொன்றையும் சோதியுங்கள். புதியவற்றைப் போட்டதும் நேரடியாக மின்சாரம் கொடுக்காமல், 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் மாட்டிக் கொடுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. பல்பு ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால் நல்லது. பிரகாசமாகவே எரிந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. அவுட்புட்டில் டிசி 50 மில்லிவோல்ட்டுக்குள் இருப்பதைப் பார்க்கும்வரை ஸ்பீக்கரை மட்டும் மாட்டிவிடாதீர்கள்.

இரண்டாம் மறுமொழி

மேலே உள்ளது சரி. ஆனால் ஆறு ஆண்டுகள் ஓடிய சேனல் முதலில் ஏன் போனது என்பதையும் தேட வேண்டும். எனக்கு பயஸ் பிரீசெட் (பயஸைக் கூட்டிக் குறைக்கத் திருப்பும் சிறு ரெசிஸ்டர்) மீதுதான் சந்தேகம். திருவிழாத் தூசியில் அதன் நடுக்கால் தொடர்பு விட்டுப்போகும். பல போர்டுகளில் பிரீசெட்டை பயஸ் டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில் கலெக்டருக்கும் பேஸுக்கும் இடையே வைத்திருப்பார்கள். அங்கே தொடர்பு விட்டால் பயஸ் உச்சத்துக்கு ஏறிவிடும். பேஸுக்கும் மூன்றாவது காலான எமிட்டருக்கும் இடையே இருந்தால் பயஸ் குறையுமே தவிர, எதுவும் எரியாது. டிரான்சிஸ்டருக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையே மின்சாரம் பாயாமல் தடுக்கும் மைக்கா தகட்டில் கீறல் இருக்கிறதா என்றும் பாருங்கள். சி5200 பெயரில் போலிகள் தாராளமாகக் கிடைப்பதால், தெரிந்த கடையில் மட்டும் வாங்குங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மைனஸ் பக்க டிரைவர் ஷார்ட்டாகியிருந்தது. எமிட்டர் ரெசிஸ்டர்களில் இரண்டு அறுந்திருந்தன. பயஸ் டிரான்சிஸ்டரைப் பிடிக்கும் திருகை முதல் முறை கழற்றிய நான், திரும்ப மாட்டவே இல்லை என்பது பெட்டியைத் திறந்ததும் தெரிந்தது. பிரீசெட்டை மெல்லத் திருப்பியபோது ஓரிடத்தில் மீட்டர் அளவு காட்டாமல் தாவியது. அது கலெக்டர் பக்கம்தான் இருந்தது. எல்லாவற்றையும் மாற்றி, பேஸ்ட் தடவித் திருகை இறுக்கிவிட்டேன். பல்பு பளிச்சிட்டு மங்கியது. அவுட்புட்டில் டிசி 12 மில்லிவோல்ட். பிறகு பல்பை எடுத்துவிட்டு, 0.22 ஓம் ரெசிஸ்டரின் குறுக்கே 7 மில்லிவோல்ட், அதாவது சுமார் 32 மில்லிஆம்பியர் வரும்படி பயஸ் வைத்தேன். இரண்டு மணி நேரம் ஓட்டியும் அந்த அளவு நகரவில்லை. ஊஃபரைக் காயில் சுற்றக் கொடுத்திருக்கிறேன்; அது வரும்வரை ஒரு பழைய 8 ஓம் ஸ்பீக்கரில் பாடிக்கொண்டிருக்கிறது.