லவ்லெஸ், மோரன், ஸ்கேகல்: இவர்களின் கத்திகளில் நாம் எதைப் பார்த்து வியக்க வேண்டும்?

கேள்வி: கூர்முனை

அனைவருக்கும் வணக்கம். கையால் கத்தி செய்யும் பெருங்கலைஞர்களைப் பற்றிச் சில காலமாக ஆர்வத்துடன் படித்து வருகிறேன். அமெரிக்காவின் பாப் லவ்லெஸ், பில் மோரன், வில்லியம் ஸ்கேகல் ஆகியோரின் பெயர்கள் எல்லா இடங்களிலும் மிகுந்த மரியாதையுடன் சொல்லப்படுகின்றன. தங்கமும் செதுக்கு வேலையும் நிறைந்த கத்தி ஒன்றைப் பார்க்கும்போது, அதற்குப் பின்னால் இருக்கும் உழைப்பு எனக்கு உடனே விளங்கிவிடுகிறது. லவ்லெஸ் செய்த ஒரு வேட்டைக்கத்தியோ ஏறத்தாழ நான்கு அங்குல அலகும், அலங்காரம் ஏதுமற்ற பச்சை மைக்கார்ட்டா (துணியைப் பிசினில் ஊறவைத்து இறுக்கிய பலகை) பிடியும் கொண்ட மிக எளிய பொருளாகவே என் கண்ணுக்குத் தெரிகிறது. இருந்தும் சேகரிப்பாளர்கள் அதைத்தான் முதலில் நாடுகிறார்கள். இன்றைய கத்திக் கலைஞர்களும் அதையே பாடமாகக் கொள்கிறார்கள். அந்த எளிமைக்குள் என்ன இருக்கிறது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். விலையைப் பற்றியோ முதலீட்டைப் பற்றியோ நான் கேட்கவில்லை. வேலைப்பாட்டைப் பார்க்கக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன்.

பதில்: சாணைக்கல்

நல்ல கேள்வி, நண்பரே. லவ்லெஸிலிருந்தே தொடங்குகிறேன். 1929 முதல் 2010 வரை வாழ்ந்த அவர், தம் வாழ்வின் பெரும்பகுதியைக் கலிபோர்னியாவின் ரிவர்சைடு நகரில் கத்தி செய்வதில் கழித்தார். நீங்கள் குறிப்பிட்ட வேட்டைக்கத்தியின் வடிவத்தை டிராப் பாயிண்ட் என்பார்கள். அதில் அலகின் முதுகு நேராக ஓடி மேல்நோக்கி முடியாமல், மெதுவாகக் கீழிறங்கி முனையைச் சேர்கிறது. வேட்டையாடிய விலங்கின் வயிற்றுத் தோலைக் கிழிக்கும்போது முனை மேல்நோக்கி இருந்தால் குடலைக் குத்திவிடும், இறைச்சியும் கெட்டுவிடும். முனை தாழ்ந்திருந்தால் அந்த ஆபத்து குறைவதோடு, முனைக்குப் பின்னால் போதுமான தடிமனும் நிற்பதால் அது எளிதில் ஒடிவதுமில்லை. இத்தகைய வடிவம் அவருக்கு முன்பும் இருந்ததுதான் என்றாலும், அந்த இறக்கத்தின் அளவை ஆண்டுக்கணக்கில் திருத்தித் திருத்தி, இன்று உலகெங்கும் வேட்டைக்கத்திகளுக்கு முன்மாதிரியாக நிற்கும் கோட்டை வரைந்தவர் அவரே.

அடுத்ததாகப் பிடியை மேலிருந்து பாருங்கள். அலகின் எஃகு பிடிக்குள்ளும் வால்போல நீண்டு செல்கிறது. பெரும்பாலான கத்திகளில் அந்த வால் கடைசிவரை ஒரே தடிமனில் இருக்கும். லவ்லெஸ் அதை இருபுறமும் சமமாகத் தேய்த்து, பிடியின் கடைக்கோடியில் மிக மெல்லியதாகுமாறு செய்தார். இதனால் பின்புறத்து எடை குறைந்து, கத்தியின் சமநிலை விரல்கள் பற்றும் இடத்திற்கு நகர்கிறது. எஃகுக்கும் பிடித்துண்டுக்கும் நடுவே மெல்லிய சிவப்பு நார்த்தகடு ஒன்றையும் அவர் பல கத்திகளில் வைத்தார். என் பார்வையில் அவருடைய துணிச்சல் முழுவதும் அந்தச் சிவப்புக் கோட்டில்தான் இருக்கிறது. எஃகின் இருபுறமும் ஓடும் இரண்டு சிவப்புக் கோடுகளும் கடைக்கோடியை நோக்கி நெருங்கி வரும்போது, தேய்ப்பில் ஒரு மயிரிழை பிசகு இருந்தாலும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். தம் வேலையின் குறையை எவரும் காணக்கூடிய இடத்தில் தாமே அடையாளமிட்டு வைக்கும் கலைஞனுக்கு எவ்வளவு கைத்தெளிவு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

எஃகைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விண்வெளி மற்றும் விமானத் துறையில் பயன்பட்ட 154சிஎம் என்னும் துருவெதிர்ப்பு எஃகை 1970-களின் தொடக்கத்தில் கத்திக்குக் கொண்டு வந்தவரும் அவர்தான். அதுவரை துருப்பிடிக்காத எஃகு என்றாலே கூர் நிற்காது என்ற எண்ணம் பலரிடம் வலுவாக இருந்தது.

பதில்: பட்டறைவாசி

சாணைக்கல் அவர்கள் சொன்னது எல்லாம் உண்மையே. ஆயினும் அது பாதிக் கதை என்பது என் கருத்து. லவ்லெஸ் எஃகுப் பட்டையை வெட்டியும் தேய்த்தும் வடிவம் கண்டவர். நெருப்பிலும் அடைகல்லிலும் வடிவம் கண்ட மற்றொரு மரபு இருக்கிறது. எந்திரச் சாணையின் காலத்தில் அது அமெரிக்காவில் ஏறக்குறைய அணைந்துவிட்டிருந்தது. அதை மீண்டும் மூட்டியவர்களில் முதலில் வைக்க வேண்டியவர் மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த பில் மோரன். பிறப்பு 1925, மறைவு 2006.

மோரன் 1973-இல் கான்சஸ் சிட்டியில் நடந்த கத்தியாளர் சங்கக் கண்காட்சிக்கு, தாமே உலையில் பற்றவைத்து அடித்த டமாஸ்கஸ் எஃகுக் கத்திகளைக் கொண்டு சென்றார். இரண்டு வகை எஃகுகளை அடுக்கி, பற்றவைக்கும் வெப்பத்திற்குக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து ஒன்றாக்கி, நீட்டி மடித்து மீண்டும் அடிக்கும்போது அடுக்குகள் பெருகுகின்றன. முடிவில் அமிலத்தில் தோய்த்தால் ஒரு எஃகு கருத்தும் மற்றது வெளுத்தும் நின்று, நீரோட்டம் போன்ற வரிகள் வெளிப்படுகின்றன. வெப்பம் சற்றுக் குறைந்தால் அடுக்குகள் ஒட்டாது, மிகுந்தால் எஃகு கருகி உதிரும். நெருப்பின் நிறத்தைப் பார்த்தே கை இயங்க வேண்டும். இத்தனை அரும்பாடுபட்டுக் கண்டடைந்த முறையை மோரன் தமக்குள் பூட்டி வைக்கவில்லை, கேட்டவர்களுக்கெல்லாம் கற்றுக்கொடுத்தார். 1976-இல் அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கத்தை நிறுவியதில் முன்னின்றார். அச்சங்கத்தின் பள்ளி பின்னர் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் வாஷிங்டன் என்னும் சிற்றூரில் அமைந்தது. இன்று வரிகள் ஓடும் அலகு ஒன்றை எங்கே கண்டாலும் எனக்கு மோரனின் நினைவு வருகிறது.

அச்சங்கம் தேர்ச்சிப் பட்டத்திற்கு வைக்கும் சோதனையை அறிந்தால் உங்கள் கேள்விக்கு வேறொரு விடையும் கிடைக்கும். தொங்கவிடப்பட்ட ஓர் அங்குலத் தடிமனுள்ள கயிற்றை அலகு ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். பிறகு கட்டுமானத்துக்குப் பயன்படும் மரச்சட்டத்தை இருமுறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அத்தனைக்குப் பிறகும் அலகின் அதே வாய், அதாவது வெட்டும் விளிம்பு, கையிலுள்ள மயிரை மழிக்க வேண்டும். கடைசியாக அலகைப் பிடிக்கருவியில் இறுக்கித் தொண்ணூறு பாகை வளைக்கும்போது அது முறியக்கூடாது. முதுநிலைத் தேர்வில் இதே சோதனையைக் குறைந்தது 300 அடுக்குகள் கொண்ட டமாஸ்கஸ் அலகைக் கொண்டு செய்து காட்ட வேண்டும்.

மழிக்கும் அளவுக்குக் கடினமாக இருக்கும் எஃகு எப்படி வளையும்? துவைச்சலில், அதாவது எஃகைச் சூடாக்கிப் பதப்படுத்துவதில்தான் அந்த வித்தை இருக்கிறது. வாயை மட்டும் கடினமாக விட்டு, முதுகை மீண்டும் சூடாக்கி நீலநிறம் ஏறும்வரை மென்மையாக்குகிறார்கள். ஒரே அலகுக்குள் இரண்டு குணங்கள். இது எந்தப் புகைப்படத்திலும் முழுமையாகத் தெரியாது. ஆகையால்தான், தோற்றத்தை மட்டும் வைத்து இந்தக் கலைஞர்களை அளப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பதில்: மான்கொம்பு

ஸ்கேகலைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லையே! மிச்சிகன் மாநிலத்தில் தனித்து வாழ்ந்து 1963-இல் மறைந்தவர் அவர். தோல் வட்டுகளை அடுக்கி, இடையிடையே பித்தளையும் வண்ண நார்த்தகடும் கோத்து, நுனியில் மான்கொம்பை வைத்து அவர் அமைத்த பிடிகளை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். ஈரத்திலும் குளிரிலும் கை வழுக்காமல் நிற்பதற்காக அமைந்தது அந்தத் தோல். அழகு அதனுடன் தானாகவே வந்து சேர்ந்தது.

1930-களின் நடுவில் மிச்சிகனின் வாலூன் ஏரிக்கரையில் ஒருவர் தம் படகின் பழைய வண்ணப்பூச்சை ஒரு கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்ததை போ ராண்டால் என்பவர் கண்டார். அவ்வளவு முரட்டு வேலைக்குப் பிறகும் வாய் கெடாமலிருந்தது அவரை வியக்க வைத்தது. அது ஸ்கேகலின் கத்தி. அந்த வியப்பிலிருந்து ராண்டால் தாமே கத்தி செய்யத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில் வீரர்கள் அவருடைய கத்திகளைக் கேட்டு வாங்கினார்கள். புளோரிடாவின் ஆர்லாண்டோவில் அவர் தொடங்கிய பட்டறையை அவருடைய குடும்பத்தார் இன்றும் நடத்துகிறார்கள். 1950-களில் ஓர் இளம் கப்பல் தொழிலாளி நியூயார்க் கடையொன்றில் ராண்டால் கத்தி கேட்டபோது நீண்ட காலம் காத்திருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. அவர் பழைய பேக்கர்டு காரின் ஸ்பிரிங் பட்டையை எடுத்துத் தாமே ஒரு கத்தி செய்துகொண்டார். அந்த இளைஞர்தான் பாப் லவ்லெஸ். ஆகவே கூர்முனை அவர்கள் கேட்ட மூவரில் இருவர் ராண்டால் வழியாக ஒரே சங்கிலியில் இணைந்தவர்கள்.

பதில்: நுண்பொறி

நண்பர்கள் அனைவரும் எளிய கத்திகளையே புகழ்வதால், மறுபக்கத்திற்காகச் சில சொற்கள். தங்கமும் கற்களும் பதித்த கத்திகளின் உழைப்பு உடனே விளங்கிவிடும் என்று கூர்முனை எழுதியிருக்கிறார். அதில் எனக்கு மாறுபாடு உண்டு. யூட்டா மாநிலத்தின் பஸ்டர் வாரென்ஸ்கி, எகிப்திய மன்னன் தூத்தன்காமனின் பொற்குறுவாளை அப்படியே மீட்டுருவாக்கினார். மூலக் குறுவாளின் பிடியில் நுண்ணிய பொற்குருமணிகளும் வண்ணப் பதிப்பும் இருக்கின்றன. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பொற்கொல்லரின் ஒவ்வொரு முடிவையும் கண்டுபிடித்து, அதைத் தம் கையால் மறுபடி எடுத்துச் செய்வதற்கு வேண்டிய அறிவு பளபளப்பில் தெரிந்துவிடாது.

மடக்குக் கத்திகளையும் இங்கே விட்டுவிடக்கூடாது. ரான் லேக் செய்த கத்திகளின் பிடிச்சட்டம் எஃகால் ஆனது. அதில் சாளரம் போல் குடைந்து, கொம்பையோ முத்துச்சிப்பியையோ உள்ளே பொருத்தியிருப்பார். பொருத்திய இடத்தில் விரல் நகத்திற்குக்கூடத் தடை தெரியாது. மைக்கேல் வாக்கர் 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கிய லைனர் லாக் பூட்டில், பிடியின் உட்தகடே வில்லாக வளைந்து வந்து அலகின் பின்புறத்தைத் தாங்குகிறது. அதனால் ஒரே கையால் திறக்கவும் மூடவும் முடிந்தது. தென்னாப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவின் ஐடஹோவில் குடியேறிய கிறிஸ் ரீவ், உட்தகட்டுக்குப் பதிலாகப் பிடியின் தடித்த டைட்டானியப் பக்கத்தையே அந்த வில்லாக்கி இன்னும் உறுதிப்படுத்தினார். இன்று தொழிற்சாலைகளில் இலட்சக்கணக்கில் உருவாகும் மடக்குக் கத்திகளின் பூட்டு தனி மனிதர்களின் பட்டறை மேசையிலிருந்து வந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமிதம் உண்டாகிறது.

மறுமொழி: கூர்முனை

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. லவ்லெஸின் சிவப்புக் கோட்டைப் பற்றிப் படித்த பிறகு, முன்பு பார்த்த படங்களையே திரும்பப் பார்த்தேன். இதுவரை அது எனக்கு அலங்காரமாகவே தெரிந்திருந்தது. பட்டறைவாசி அவர்கள் சொன்னபடி துவைச்சலைப் படத்தில் காண முடியாது என்பதை ஏற்கிறேன். இருந்தாலும் என்னைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் படங்களே கிடைக்கின்றன. அவற்றில் எந்த இடத்தை முதலில் பார்க்க வேண்டும்?

பதில்: சாணைக்கல்

பிடிக்கு முன்னால், அலகின் தட்டையான பகுதி முடிந்து சாணை தொடங்கும் கோட்டைப் பாருங்கள். அந்தக் கோடு இருபுறமும் ஒரே இடத்தில், ஒரே வளைவில் விழுந்திருக்க வேண்டும். ஒரு பக்கத்தை முடித்துவிட்டுக் கையை மாற்றி மறுபக்கத்தைத் தேய்க்கும்போது, கோடு எளிதில் பிசகிவிடும். ஆகையால் இருபுறப் படங்களும் இருந்தால் மட்டுமே எதையும் சொல்ல முடியும். ஒருபுறப் படத்தை மட்டும் வெளியிடும் விற்பனையாளரிடம் மறுபுறத்தைக் கேட்டுப் பெறுவது நல்லது.

பிறகு முதுகை மேலிருந்து எடுத்த படத்தைத் தேடுங்கள். பிடியிலிருந்து முனைவரை தடிமன் சீராகக் குறைகிறதா, நடுவில் எங்காவது அலை எழுகிறதா என்பது அதில் தெரியும். கண்ணாடி மெருகு ஏற்றிய அலகாக இருந்தால், அதில் விழும் சாளரத்தின் பிம்பம் நெளியாமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். மெருகேற்றும் துணிச்சக்கரத்தில் அளவுக்கு மீறி அழுத்தினால் கூரான விளிம்புக் கோடுகள் உருண்டுவிடும். லவ்லெஸின் நல்ல கத்திகளில் அந்த விளிம்புகள் கடைசிவரை தெளிவாக நிற்கின்றன. அலகுக்கும் பிடிக்கும் நடுவே விரலைக் காக்கும் உலோகக் காப்பும் பிடித்துண்டும் சந்திக்கும் இடத்தில் பசையின் கறுப்புக் கோடு தெரிந்தால், அங்கே பொருத்தம் முழுமையாக இல்லை என்று பொருள். அவர் பயன்படுத்திய திருகாணிகள் மெருகிட்ட பிறகு வட்டத்துக்குள் வட்டமாகத் தோன்றும். அந்த வட்டங்கள் நடுவிலிருந்து விலகாமல் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. லவ்லெஸின் முத்திரையைப் போலியாகப் பொறித்த கத்திகள் புழக்கத்தில் இருக்கின்றன. முத்திரையை முதலில் பார்த்தால் மனம் அதற்கேற்பக் கண்ணை ஏமாற்றிவிடும். முத்திரையுள்ள பகுதியை மறைத்துவிட்டு, மேலே சொன்ன இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்த பிறகு பெயரைப் படியுங்கள்.