குன்பெய் யோகோய்க்கு ஒரு கண்காட்சி மேசை: எந்தக் கருவிகளை வைக்கலாம்?

நித்யா_இயற்பியல்

வணக்கம். எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சியில் ஜப்பானிய விளையாட்டு நிறுவனமான நின்டெண்டோவின் கருவி வடிவமைப்பாளர் குன்பெய் யோகோய்க்கு ஒரு மேசை ஒதுக்கியிருக்கிறோம். பிளஸ் ஒன் மாணவர்கள் விளக்குவார்கள். வெறும் படங்களை ஒட்டிவைக்க விருப்பமில்லை. அவர் உருவாக்கிய கருவிகளில் இரண்டு மூன்றாவது ஓடும் நிலையில் இருக்க வேண்டும், வருகிறவர்கள் கையில் எடுத்து ஆட வேண்டும். பழைய கருவி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? முப்பரிமாணப் படம் காட்டும் அவருடைய வர்ச்சுவல் பாய் கருவியை வாங்கலாமா? அது தோற்றதால்தான் அவரை வெளியேற்றினார்கள் என்று பல காணொளிகள் சொல்கின்றன. அப்படியே பலகையில் எழுதலாமா? அவருடைய கையடக்க விளையாட்டுக் கருவியான, நிறமே இல்லாத கேம் பாய், வண்ணத் திரை வைத்த போட்டியாளர்களை எப்படி முந்தியது என்பதற்கும் மாணவர்களுக்குப் புரிகிற விளக்கம் தேவை.

பழையபொத்தான்

கேம் பாயில் தொடங்காதீர்கள். 1966-இல் வந்த அல்ட்ரா ஹேண்ட் என்ற நீட்டுக்கைப் பொம்மையிலிருந்து தொடங்குங்கள். யோகோய் 1941-இல் கியோட்டோவில் பிறந்தவர், தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் படித்தவர். 1965-இல் நின்டெண்டோவில் சேர்ந்தபோது அவர் வேலை ஹனஃபுடா என்ற ஜப்பானியச் சீட்டுக்கட்டு தயாரிக்கும் இயந்திரங்களைப் பராமரிப்பது. ஓய்வு நேரத்தில் பொழுதுபோக்காக ஒரு நீட்டுக்கை செய்து வைத்திருந்தார். தலைவர் ஹிரோஷி யமாவுச்சி அதைப் பார்த்து விற்பனைப் பொருளாக்கச் சொன்னார். பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

இதை மாணவர்களே செய்யலாம். 15 செ.மீ. பிளாஸ்டிக் அளவுகோல் 10, 3 மி.மீ. போல்ட் 13 போதும். ஒவ்வொரு அளவுகோலிலும் நடுவில் ஒன்று, இரு முனைகளில் ஒவ்வொன்று என மூன்று துளை. இரண்டு அளவுகோலைக் குறுக்காக வைத்தால் ஒரு கத்தரி, அப்படி ஐந்தை வரிசையாகக் கோர்த்தால் கை தயார். துளைகளின் இடைவெளி எல்லா அளவுகோலிலும் ஒன்றாக இருக்க வேண்டும், ஒரு மி.மீ. பிசகினாலும் பாதி வழியில் இறுகி நின்றுவிடும். பத்தையும் ஒன்றாகக் கட்டித் துளையிட்டால் இந்தச் சிக்கல் வராது. ஐஸ் குச்சி வேண்டாம், துளையிடும்போது பிளந்துவிடும். நட்டை முழுக்க முறுக்காமல் கால் சுற்று தளர்த்தி விடுங்கள். அதிகம் தளர்த்தினால் ஒவ்வொரு இணைப்பின் ஆட்டமும் சேர்ந்து நுனி தொங்கும். முதல் கத்தரி நீளும் தூரத்தைப் போல ஐந்து மடங்கு நுனி போகும், அங்கே கிடைக்கும் விசை ஐந்தில் ஒரு பங்கு. நெம்புகோல் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்தது 1980-இன் கேம் அண்ட் வாட்ச், சட்டைப் பையில் வைக்கும் எல்சிடி விளையாட்டுக் கருவி. ஷின்கான்சென் ரயிலில் ஒருவர் சலிப்பில் கால்குலேட்டர் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்ததைப் பார்த்துத் தோன்றிய யோசனை. அப்போது ஷார்ப், கேசியோ இரண்டுக்கும் நடந்த கால்குலேட்டர் விலைப் போட்டியில் எல்சிடி திரையும் சிப்பும் மிக மலிவாகியிருந்தன. எல்லோருக்கும் பழகிப்போன, விலை சரிந்த தொழில்நுட்பத்தை யாரும் நினைக்காத இடத்தில் பொருத்துவது: அவர் கடைசிவரை பிடித்துக்கொண்ட கொள்கை இதுதான். மேசையின் மையக் கருத்தாக இதையே வையுங்கள்.

அதே வரிசையில் 1982-இல் வந்த இரட்டைத் திரை டாங்கி காங் கருவியில்தான் சிலுவை வடிவப் பொத்தான் முதன்முதலில் வந்தது. அதைத் திறந்து காட்ட முடிந்தால் அருமை. ஒரே பிளாஸ்டிக் துண்டு, நடுவில் ஊன்றி நிற்கும். ஒரு பக்கம் அழுத்தினால் எதிர்ப்பக்கம் தானாகவே உயர்வதால் இடதும் வலதும் ஒரே நேரத்தில் அழுந்தாது. தடவிப் பார்த்தே திசை தெரியும், கண்ணைத் திரையிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. தனி ஜாய்ஸ்டிக் நீட்டிக்கொண்டிருந்தால் சட்டைப் பைக்குள் போயிருக்காது.

ஈயக்கம்பி

வாங்கும் விஷயத்துக்கு வருகிறேன். கேம் பாய் என்றால் 1989-இன் முதல் மாடல். நான்கு டபுள்-ஏ பேட்டரி. பேட்டரி அறையைத் திறந்து ஸ்பிரிங்கைப் பாருங்கள். வெள்ளை, பச்சைப் பொடி இருந்தால் ஆல்கலைன் கசிவு. வெள்ளை வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டால் பெரும்பாலும் சரியாகும். உலோகம் அரித்து மெலிந்திருந்தால் ஸ்பிரிங்கை மாற்றத்தான் வேண்டும்.

திரையில் செங்குத்தாகச் சில கோடுகள் காணாமல் போயிருந்தால் பயப்பட வேண்டாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். கண்ணாடியின் கீழ் விளிம்பில் ஒட்டியிருக்கும் ரிப்பன் (மெல்லிய இணைப்புக் கேபிள்) தளர்ந்ததுதான் காரணம். பின்மூடியில் மூன்று கால் நட்சத்திரத் தலை கொண்ட ஆறு திருகுகள், அவற்றில் இரண்டு பேட்டரி அறைக்குள். சாதாரண திருப்புளி தலையைக் கெடுத்துவிடும், அதற்கான திருப்புளி வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே ரிப்பன் கண்ணாடியோடு சேரும் பட்டையில், குறைந்த சூட்டில் வைத்த சால்டரிங் அயர்னை மெதுவாக ஒரு முறை இழுக்க வேண்டும். கருவியை ஓடவிட்டே செய்தால் கோடு திரும்புவது தெரியும். ஒரே இடத்தில் நிறுத்தினால் ரிப்பன் பொசுங்கும், அப்புறம் திரையே போச்சு. கிடைமட்டக் கோடுகள் விடுபட்டிருந்தால் அந்தக் கருவியைத் தவிர்த்துவிடுங்கள், அந்த இணைப்பைச் சரிசெய்வது கடினம்.

ஹெட்போனில் சத்தம் வந்து ஸ்பீக்கரில் வரவில்லை என்றால் முதலில் ஹெட்போன் துளையைச் சந்தேகியுங்கள். பிளக்கில் ஆல்கஹால் தடவிப் பத்து முறை செருகி எடுங்கள். பொத்தான் சரியாக வேலை செய்யாவிட்டால் அதன் அடியிலுள்ள ரப்பரையும் போர்டில் உள்ள கருப்புக் கார்பன் பகுதியையும் துடையுங்கள். கார்பனைச் சுரண்டாதீர்கள்.

வர்ச்சுவல் பாயைக் கண்காட்சிக்குச் சிபாரிசு செய்யமாட்டேன். ஒவ்வொரு கண்ணுக்கும் 224 சிவப்பு எல்இடிகள் ஒரே வரிசையில் நிற்கும். அதிரும் கண்ணாடி அந்த ஒற்றைக் கோட்டை வீசி முழுப் படமாக்கும். அந்த எல்இடி போர்டோடு ரிப்பனை ஒட்டிய பசை காலப்போக்கில் வறண்டு, படத்தில் கோடுகள் மறையும். அடுப்பில் சூடாக்கும் வித்தை சில மாதம் தாங்கும். நிரந்தரத் தீர்வு ஒவ்வொரு இணைப்பையும் சால்டர் செய்வதுதான், அது நுணுக்கமான வேலை. தாங்கும் காலும் எளிதில் உடையும். நூறு பேர் கை மாறும் இடத்தில் தாக்குப்பிடிக்காது. முப்பரிமாணப் படத்தை ஒருவர்தான் பார்க்க முடியும், சுற்றி நிற்பவர்களுக்கு எதுவும் தெரியாது.

கேசட்ராஜா

ஈயக்கம்பி கடைசியாகச் சொன்னதுதான் அந்தக் கருவியின் பெரிய குறை. 1995 ஜூலையில் ஜப்பானில் வந்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் அங்கே நின்றுவிட்டது. உலகம் முழுக்க விற்றது சுமார் 7.7 லட்சம். ஆனாலும் "அதனால் வெளியேற்றினார்கள்" என்று பலகையில் எழுதாதீர்கள். தனியாகத் தொழில் தொடங்கும் எண்ணம் முன்பே இருந்தது என்றும், வர்ச்சுவல் பாய் காரணமல்ல என்றும் 1996-இல் விலகிய பிறகு புங்கெய் ஷுன்ஜூ இதழில் அவரே எழுதினார். கேம் பாயின் சிறிய வடிவமான கேம் பாய் பாக்கெட் அந்த ஆண்டு ஜூலையில் கடைக்கு வந்தது, ஆகஸ்டில் அவர் விலகினார். தேதிகளை மட்டும் எழுதினாலே போதும்.

இன்னொன்று. கேம் பாயை யோகோய் ஒருவரின் படைப்பாகக் காட்டினால் சடோரு ஒகாடாவுக்கு அநியாயம் செய்கிறோம். பொறியியல் பக்கத்தை நடத்தியவர் அவர். யோகோய் மனதில் கேம் அண்ட் வாட்சின் வாரிசு போன்ற எளிய பொம்மைதான் இருந்தது, கேசட் மாற்றி நீண்ட காலம் ஆடக்கூடிய முழுக் கருவியாக வேண்டும் என்று வாதாடியவர் ஒகாடா. விலையையும் பேட்டரியையும் விட்டுக்கொடுக்காதது யோகோயின் பங்கு.

வண்ணத் திரைக் கேள்விக்கு ஒரு கணக்கு. கேம் பாய் 12,500 யென், நான்கு பேட்டரியில் சுமார் 15 மணி நேரம். போட்டி நிறுவனமான சேகாவின் வண்ணத் திரைக் கருவி கேம் கியர் 1990-இல் 19,800 யென், ஆறு பேட்டரியில் 3 முதல் 5 மணி நேரம். ஒரு பேட்டரிக்கு எத்தனை மணி நேரம் என்று மாணவர்களை வகுக்கச் சொல்லுங்கள்: ஒன்றில் ஏறக்குறைய நான்கு, மற்றதில் ஒன்றுக்கும் கீழே. பின்விளக்குக்கு வைத்த குழல் விளக்குதான் பேட்டரியைக் குடித்தது. கேம் பாயில் பின்விளக்கே கிடையாது, 160-க்கு 144 புள்ளிகள், நான்கு சாயல் மட்டும். அமெரிக்காவில் கூடவே டெட்ரிஸ் என்ற புதிர் விளையாட்டும் வந்தது, அதற்கு அந்த நான்கு சாயலே தாராளம்.

நித்யா_இயற்பியல்

மிக்க நன்றி. வர்ச்சுவல் பாயை விட்டுவிடுகிறேன். அதற்குப் பதில் என்ன வைக்கலாம்? நாள் முழுக்க ஓட ஜப்பானிலிருந்து அடாப்டரோடு வாங்கினால் போதுமா?

பழையபொத்தான்

வொண்டர்ஸ்வான் என்ற கையடக்கக் கருவி. நின்டெண்டோவை விட்டபின் யோகோய் தொடங்கிய கோட்டோ நிறுவனம் பண்டாய் என்ற பொம்மை நிறுவனத்துக்காக உருவாக்கியது. 1999 மார்ச்சில் 4,800 யென்னுக்கு வந்தது. ஒரே ஒரு டபுள்-ஏ பேட்டரியில் 30 மணி நேரத்துக்கு மேல் ஓடும், கருவியை நிமிர்த்தியும் படுக்கவைத்தும் ஆடலாம். அவர் அதைக் கடையில் பார்க்கவில்லை. 1997 அக்டோபர் 4-இல் ஹொகுரிகு நெடுஞ்சாலை விபத்தில் 56 வயதில் இறந்தார். அதோடு வந்த புதிர் விளையாட்டுக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்: குன்பெய். அந்தக் கேசட்டோடு சேர்த்து வாங்குங்கள்.

ஈயக்கம்பி

அடாப்டர் வேண்டாம். ஜப்பானில் 100 வோல்ட், நம் பிளக்கில் 230. அப்படியே செருகினால் அடாப்டர் புகைந்துவிடும். ரீசார்ஜ் பேட்டரி இரண்டு செட் வையுங்கள். ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான், நான்கு சேர்த்து 4.8, கேம் பாய் அதில் நன்றாகவே ஓடும். சிவப்பு விளக்கு மங்கும்போது மாற்றினால் போதும். பின்விளக்கு இல்லாததால் மேசைக்கு மேலே பக்கவாட்டில் ஒரு விளக்கு கட்டாயம். ஜன்னலோரம் மட்டும் வைக்காதீர்கள், நேர் வெயில் பட்டால் திரையில் கருந்திட்டு விழும்.