பேஸ்பால் ஆடும் பிள்ளைகள்: வாசிப்பும் கல்லூரிக் கணக்கும்

அமெரிக்காவுக்கு வந்த புதிதில் பிள்ளை பள்ளி நண்பர்களோடு லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் அமைப்பில் சேர்கிறான், நன்றாகவும் ஆடுகிறான். அப்புறம் பணம் கட்டிச் சேர்ந்து ஊர் ஊராகப் போய் ஆடும் டிராவல் டீமுக்கு அழைப்பு வரும். “இவனுக்கு காலேஜ் ஸ்காலர்ஷிப் நிச்சயம்” என்று யாராவது சொல்வார்கள். பணம் கட்டும் முன் இந்தக் கணக்கைப் பார்த்துவிடுங்கள்.

ஹைஸ்கூலில் பேஸ்பால் ஆடும் 100 பேரில் சுமார் 7 பேர்தான் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் அணிகளுக்குப் போகிறார்கள். அதன் மேல் மட்டமான டிவிஷன் 1-க்கு 2 பேர் அளவுதான். அங்கும் முழு ஸ்காலர்ஷிப் அபூர்வம். நெடுநாள் ஓர் அணிக்கு 11.7 ஸ்காலர்ஷிப் என்று வைத்து, அதை 27 பேர் வரை பிரித்துக் கொடுத்தார்கள். தலைக்குப் பாதிகூட வராது. 2025-26 முதல், வீரர்களோடு வருவாயைப் பகிரும் ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த வரம்பு இல்லை. ஆனால் அணியில் 34 பேருக்குத்தான் இடம். அந்த இடங்களுக்கு வேறு கல்லூரிகளிலிருந்து மாறி வரும் 21, 22 வயது ஆட்டக்காரர்களும் போட்டி.

மூன்றாம் மட்டமான டிவிஷன் 3-ல் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது, ஹார்வர்ட் போன்ற கல்லூரிகள் உள்ள ஐவி லீக்கிலும் கிடையாது. இருந்தாலும் நம் பிள்ளைகள் பலருக்கு டிவிஷன் 3 தான் நல்ல இலக்கு என்பது என் கருத்து. மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ப அங்கே உதவித்தொகை தருகிறார்கள். பல கல்லூரிகளில் கோச்சின் பரிந்துரை அட்மிஷனிலும் உதவும். அந்தக் கோச் ஆட்டத்தின் வீடியோவோடு ட்ரான்ஸ்கிரிப்டையும் (பள்ளி மதிப்பெண் பட்டியல்) கேட்பார்.

அதனால்தான் ஆட்டத்தோடு படிப்பையும், அதற்கு அடிப்படையான வாசிப்பையும் வலியுறுத்துகிறேன். டிவிஷன் 1-க்குத் தகுதி பெற ஹைஸ்கூலில் ஆங்கிலம், கணிதம், அறிவியல் போன்ற 16 கோர் (அடிப்படை) பாடங்கள் வேண்டும். அதில் ஆங்கிலம் மட்டும் 4 வருடம். அந்தப் பாடங்களில் ஜிபிஏ, அதாவது 4-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி, 2.3-க்குக் குறையக் கூடாது. 16-ல் 10 பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும், கடைசி வருடத்தில் விட்டதைப் பிடிக்க முடியாது. ஒன்பதாம் வகுப்பில் சேரும்போதே பள்ளி கவுன்சலரிடம் என்சிஏஏ ஏற்கும் பாடப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

டிராவல் டீம் சனி ஞாயிறு முழுவதையும் தின்றுவிடும். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவில் மணிக்கணக்கில் சும்மா இருப்பார்கள். கிட் பேகில் ஒரு புத்தகம் இருக்கட்டும். உள்ளூர் நூலக அட்டை இருந்தால் லிப்பி செயலியில் ஆடியோ புத்தகம் இலவசம், நீண்ட கார் பயணத்துக்கு அருமையான துணை. வாசிக்கப் பிடிக்காத பையனுக்கு நிறத்தடையை உடைத்து மேஜர் லீக்கில் ஆடிய கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன், புவேர்ட்டோ ரிக்கோ வீரர் ரோபெர்ட்டோ கிளமென்டே ஆகியோரின் வாழ்க்கைக் கதைகளைக் கொடுத்துப் பாருங்கள். 1947-ல் ராபின்சன் ஏன் அத்தனை வசவைப் பொறுத்துக்கொண்டு ஆடினார் என்று புரிந்துகொள்ள ஆரம்பித்தால், வரலாற்று வகுப்பும் அவனுக்குச் சுவைக்கும். ஆட்டத்தைக் குறித்து வைக்கும் ஸ்கோர்புக் எழுதவும் பழக்குங்கள். இதற்காக வீட்டில் தமிழ் பேசுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், தமிழால் ஆங்கிலம் கெடாது.

டிவிஷன் 1 கோச்சுகள் பதினோராம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1 வரை பிள்ளையோடு நேரடியாகப் பேசக் கூடாது. அதனால் பன்னிரண்டு வயதில் கோச்சுகள் முன் திறமையைக் காட்டப் பணம் கட்டிப் போகும் ஷோகேஸ் நிகழ்ச்சி தேவையே இல்லை. அந்த வயதில் கையைக் காப்பாற்றுவதுதான் முக்கியம்: லிட்டில் லீக்கில் 11, 12 வயதுப் பிட்சர் (பந்து வீசுபவர்) ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் வீசக் கூடாது. ஒரே வாரத்தில் இரண்டு அணிக்கு ஆடினால் மொத்த எண்ணிக்கையை நீங்கள்தான் கவனிக்க வேண்டும்.

எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) இருப்பவர்கள் இதையும் கணக்கில் எடுங்கள். கல்லூரி தரும் ஸ்காலர்ஷிப்பை விசா தடுக்காது. ஆனால் ஃபாஃப்சா என்ற விண்ணப்பம் வழியாக வரும் மத்திய அரசு உதவிக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். 21 வயதானதும் எச்-4 முடிந்து, பெரும்பாலும் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டிவரும். பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பணம் வாங்கும் பேச்சு வந்தால், கையெழுத்துப் போடும் முன் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள்.