மறு: அப்ஸ்ட்ரீம் – மேலோடையா, தலைமடையா, மேல்மடையா?

வணக்கம்.

மென்பொருள் திட்டங்களுக்குப் பங்களிக்க வரும் புதியவருக்கான கையேட்டின் வரைவில் குளோன், கமிட், பிரான்ச் எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு தமிழ்ச் சொல்லில் உடன்பட்டுவிட்டோம். அப்ஸ்ட்ரீமில்தான், அதாவது நாம் நகலெடுத்து வேலை செய்யும் மூலத் திட்டத்தைக் குறிக்கும் சொல்லில்தான், நிற்கிறோம். இழையில் வந்த கருத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் எழுதுகிறேன்.

> மேலோடை என்றே வைத்துவிடலாமே. அப் என்றால் மேல், ஸ்ட்ரீம் என்றால் ஓடை. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். ஒலியோடை, தரவோடை என்று ஓடையை ஏற்கெனவே வேறு வேலைக்குக் கொடுத்துவிட்டோம். போதாததற்கு, இணைய இணைப்பில் நம் பக்கத்திலிருந்து வெளியே போகும் போக்குவரத்துக்கும் அப்ஸ்ட்ரீம் என்றுதான் பெயர். மேலோடை என்று படிக்கிறவர் பதிவேற்ற வேகத்தை நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

> மூலம் போதும். எளிய சொல், எல்லோருக்கும் தெரியும்.

எளிய சொல்தான். ஆனால் ஓப்பன் சோர்ஸ் திறமூலம், சோர்ஸ் கோட் மூலநிரல் என்று ஆன பிறகு "திறமூலத் திட்டத்தின் மூலத்திலிருந்து மூலநிரலை எடுக்கவும்" என்று எழுத வேண்டிவரும். நான் அந்த வரியைக் கையேட்டில் போட மாட்டேன்.

சரி, புதியவர் இந்தச் சொல்லை எந்த இடத்தில் சந்திக்கிறார் என்று பார்ப்போம். கிட்ஹப் தளத்தில் திட்டத்தை ஃபோர்க் செய்கிறார், அதாவது தன் கணக்கில் ஒரு நகல் எடுத்துக்கொள்கிறார். அந்த ஃபோர்க்கைத் தன் கணினிக்குக் குளோன் செய்து இறக்குகிறார். நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருளான கிட், அந்த ஃபோர்க்குக்கு ஆரிஜின் என்று தானாகவே பெயர் வைத்துக்கொள்கிறது. ஃபோர்க் எங்கிருந்து வந்தது என்பது கிட்டுக்குத் தெரியாது. 'கிட் ரிமோட் ஆட் அப்ஸ்ட்ரீம்' என்று அடித்து, கூடவே முகவரியையும் நாம்தான் கொடுக்க வேண்டும். பிறகு 'கிட் ஃபெட்ச் அப்ஸ்ட்ரீம்', அங்குள்ள புதியதைக் கொண்டுவர. அங்கே உள்ள மெயின் என்ற முதன்மைக் கிளையை (பிரான்ச்) தன் கணினியின் மெயினோடு சேர்த்து, அதிலிருந்து தனக்கொரு கிளை எடுத்து வேலையைத் தொடங்குகிறார். இந்த ஏற்பாட்டைச் செய்யாமல் விட்டால், அவரிடம் உள்ள நிரல் ஃபோர்க் எடுத்த நாளிலேயே நின்றுவிடும். திட்டம் நகர்ந்துபோயிருக்கும், மாற்றத்தை அனுப்பும்போது முரண்பாட்டுச் செய்தி வரலாம். ஆக, புதியது எங்கிருந்து வருகிறது, நம் மாற்றம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்ற இரண்டையும் ஒரே சொல் காட்ட வேண்டும்.

> தலைமடை, கடைமடை. டெல்டாக்காரனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

எனக்கும் இந்த வழிதான் பிடித்திருக்கிறது. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்பதை நாளிதழில் படிக்காத தமிழர் இருக்க மாட்டார். இதில் ஒரு சிக்கல் மட்டும். தலைமடை என்றால் வாய்க்காலில் முதல் மடை, அதற்கு மேல் மடை கிடையாது. அப்ஸ்ட்ரீமோ இடத்துக்கு இடம் மாறுவது. லினக்ஸ் வழங்கல்களையே எடுத்துக்கொள்ளுங்கள்: லினக்ஸ் மின்ட்டுக்கு உபுண்டு அப்ஸ்ட்ரீம், உபுண்டுவுக்கு டெபியன் அப்ஸ்ட்ரீம். டெபியனுக்கு லிப்ரெஆபிஸ் போன்ற தனித் திட்டங்கள் அப்ஸ்ட்ரீம். நடுவில் இருக்கும் டெபியனைத் தலைமடை என்பதா, கடைமடை என்பதா?

அதனால் மேல்மடை, கீழ்மடை என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. எனக்கு மேலே இருப்பது மேல்மடை, கீழே இருப்பது கீழ்மடை, எங்கே நின்று பார்த்தாலும் பொருந்தும். தலைமடையை வீணாக்க வேண்டாம், அதற்கும் வேலை இருக்கிறது. லினக்ஸின் கருவான கெர்னலில் வலையமைப்புப் பகுதிக்கு ஒட்டு (பேட்ச், நிரலில் செய்த மாற்றம்) அனுப்புகிறவர் முதலில் அந்தப் பகுதியின் பராமரிப்பாளர் மரத்துக்குத்தான் (அவர் வைத்திருக்கும் நிரல் களஞ்சியம்) அனுப்புகிறார். அங்கிருந்து அது லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் மரத்துக்குப் போகும். அதை மெயின்லைன் என்பார்கள். முன்னது மேல்மடை, பின்னது தலைமடை. கெர்னலின் நிலைப்பதிப்புகளில் (ஸ்டேபிள்) ஒரு திருத்தம் சேர வேண்டுமானால், அது, அல்லது அதற்குச் சமமான ஒன்று, முதலில் மெயின்லைனில் இருக்க வேண்டும் என்பது விதி. "தலைமடையில் சேராதது நிலைப்பதிப்பில் சேராது" என்று எழுதினால் விதியே ஒரு வரியில் அடங்கிவிடுகிறது.

டெபியன் பக்கமும் ஓட்டிப் பார்த்தேன். ஒரு பொதியின் (பேக்கேஜ்) பதிப்பு எண் 2.10-3 என்றிருந்தால், கடைசிச் சிறுகோட்டுக்கு முன்னால் உள்ள 2.10 மூலத் திட்டம் கொடுத்த எண். பின்னால் உள்ள 3 டெபியன் செய்த திருத்தத்தின் எண். "மேல்மடைப் பதிப்பு 2.10, டெபியன் திருத்தம் 3." இடறவில்லை. மேல்மடைக் களஞ்சியம், மேல்மடைத் திட்டம் என்று சேர்த்துச் சொன்னாலும் நாக்கில் எளிதாக வருகிறது.

> நீர் மேல்மடையிலிருந்து கீழேதான் வரும். ஒட்டு கீழிருந்து மேலே போகிறதே, உவமை உடைகிறதே?

ஆங்கிலத்திலும் அது உடைந்த உவமைதான், அங்கே யாரும் அழவில்லை. தண்ணீர் மேலே போகாது, ஆள் போவார். கீழ்மடைக்காரர் வரப்பில் ஏறிப்போய் மேலே அடைப்பைச் சொல்வதும் எடுத்துவிடுவதும் ஊரில் நடப்பதுதான். வினையாகச் சொல்ல வேண்டிய இடத்தில் "மேல்மடைக்கு அனுப்பு" போதும், தனிச்சொல் தேவையில்லை.

இனி இழையில் யாரும் தொடாத ஒன்று. இதில்தான் புதியவர் உண்மையிலேயே குழம்புவார். கிட்டில் அப்ஸ்ட்ரீம் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. புதுக் கிளையில் வேலையை முடித்துவிட்டு மாற்றத்தை வெளியே அனுப்பும் 'கிட் புஷ்' கட்டளையை வெறுமனே அடித்தால், வழக்கமான அமைப்பில், இந்தக் கிளைக்கு அப்ஸ்ட்ரீம் கிளை இல்லை என்று கிட் முறையிடும். 'செட் அப்ஸ்ட்ரீம்' என்ற தேர்வோடு ஆரிஜின் பெயரைச் சேர்த்து அடிக்கச் சொல்லும். அதாவது இங்கே அப்ஸ்ட்ரீம் என்பது நம் ஃபோர்க்கில் இருக்கும் கிளை. பத்து நிமிடத்துக்கு முன்னால் மூலத் திட்டத்துக்கு அப்ஸ்ட்ரீம் என்று பெயர் வைத்தவருக்குத் தலை சுற்றாமல் என்ன செய்யும்? ஆங்கிலத்தில் ஒன்றாக இருப்பதால் தமிழிலும் ஒன்றாக வைக்க வேண்டும் என்று ஒருவர் சொல்லக்கூடும். நான் ஒப்பமாட்டேன். அங்கே பழக்கத்தால் வந்த குழப்பத்தை நாம் காசு கொடுத்து வாங்க வேண்டாம். கிளை சார்ந்த பொருளுக்கு 'இணைகிளை' என்று வைக்கலாம்: நம் கணினியில் உள்ள கிளையோடு இணைத்து வைத்த, தொலைவில் உள்ள கிளை. "இந்தக் கிளைக்கு இணைகிளை இல்லை." பிழைச்செய்தியே தெளிவாகிவிடுகிறது.

கட்டளைகளை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. ரிமோட்டுக்கு (தொலைவில் உள்ள களஞ்சியத்துக்கு) அப்ஸ்ட்ரீம் என்ற பெயர் ஒரு வழக்கம்தான், கிட் அதைக் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனாலும் உதவி கேட்டு வெளியே போகும்போது எல்லோரும் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள் என்பதால் கட்டளையில் அப்படியே இருக்கட்டும். விளக்கத்தில் மட்டும் மேல்மடை.

இந்த வார இறுதிக்குள் மறுப்பு வராவிட்டால் வரைவில் மேல்மடை, கீழ்மடை, இணைகிளை மூன்றையும் மாற்றிவிடுகிறேன். ஃபோர்க்குக்குக் கவை என்று சொன்னவர் தனி இழை தொடங்கினால் நல்லது. அதில் எனக்குச் சண்டை இருக்கிறது.